கலைச்சொல்: கண் மருந்தாய்வில் 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்பதற்கு மாற்று

வணக்கம்.

நீரிழிவு விழித்திரை நோய்க்கான மருந்தாய்வுகளின் தமிழ் ஒப்புதல் படிவங்களில் 'இரட்டைக் குருட்டு ஆய்வு' (எவருக்கு எந்தச் சிகிச்சை என்பது பங்கேற்பவருக்கும் ஆய்வு செய்பவருக்கும் தெரியாதபடி நடத்தும் ஆய்வு) என்ற தொடர் வருகிறது. சர்க்கரையால் பார்வை போய்விடுமோ என்று அஞ்சி வந்திருப்பவரிடம் நீட்டும் தாள் அது. அதில் 'குருட்டு' என்ற சொல் இருக்கவே கூடாது. கண் மருத்துவர்கள் ஆங்கிலத்திலேயே 'பிளைண்டு' என்பதை விலக்கி 'மாஸ்க்டு' என்றுதான் எழுதுகிறார்கள். பார்வையிழப்பையே விளைவாக அளக்கும் ஆய்வில் அதே சொல் முறையின் பெயராகவும் இருந்தால் அறிக்கையைப் படிப்பவரும் தடுமாறுவார்.

'மறைப்பு ஆய்வு', 'திரையிட்ட ஆய்வு', 'முகமூடி ஆய்வு' ஆகிய மூன்றையும் முன்வைக்கிறேன். 'மறைப்பு' எளிது என்பதால் என் விருப்பம் அதுவே.

----------
மறுமொழி

> 'மறைப்பு' எளிது என்பதால்

எளிதுதான் ஐயா, ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. பார்வை அளக்கும்போது ஒரு கண்ணை மூடும் கருவிக்கு 'மறைப்பான்' என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. 'வலக்கண்ணை மறைத்து' என்று செயல்முறைக் குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்பதைச் சேர்க்கும் மருத்துவர் முன்கூட்டி அறியாதபடி காப்பது ஒன்று. சேர்ந்த பிறகு எவருக்கு எது கிடைக்கிறது என்பது தெரியாதபடி காப்பது வேறொன்று. முதலாவது தவறினால் பார்வை நன்றாக இருப்பவர்களை மருத்துவர் தம்மை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். இரண்டாவது தவறினால் அளவீடு சாயும். முதலாவதை எல்லா ஆய்விலும் செய்ய முடியும், லேசர் ஆய்விலும்கூட. இரண்டாவது எப்போதும் முடியாது. முதலாவதற்கு 'ஒதுக்கீட்டு மறைப்பு' என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

'திரை' வேண்டவே வேண்டாம். 'விழித்திரை நோய்க்கான திரையிட்ட ஆய்வு' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'முகமூடி' கோவிட் காலத்துக்குப் பிறகு முகக்கவசத்தையே நினைவூட்டுகிறது.

----------
மறுமொழி

சொல்லைத் தேடுமுன் களத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நீரிழிவால் வரும் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) வீக்கத்துக்கு, கண்ணுக்குள் ஊசியாகப் போடும் ரானிபிசுமாப் மருந்தைச் சோதித்த ரைஸ், ரைடு ஆய்வுகளை (முடிவு வெளியானது 2012) எடுத்துக்கொள்வோம். மூன்று குழுக்கள்: மாதந்தோறும் 0.3 மி.கி., 0.5 மி.கி., மூன்றாவது குழுவுக்கு ஊசி போடுவதுபோன்ற செயல் மட்டும். 24 மாதம் கழித்து 15 எழுத்தோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தவர்கள் ரைஸில் 0.3 மி.கி. குழுவில் 44.8%, மூன்றாவது குழுவில் 18.1%.

அந்த 15 எழுத்து எப்படி வருகிறது? பார்வை அளக்கும் எழுத்து அட்டை 4 மீட்டர் தூரத்தில். வரிக்கு 5 எழுத்து, 14 வரி. 4 மீட்டரில் 20 எழுத்தோ மேலோ படித்தால் அந்த எண்ணிக்கையோடு 30 கூட்டுவார்கள். குறைந்தால் 1 மீட்டரில் வைத்து மேல் 6 வரிகளைப் படிக்கச் சொல்லி அதைச் சேர்ப்பார்கள். ஏறக்குறைய 85 என்றால் 6/6, அதாவது இயல்பான பார்வை. ஒவ்வொரு வருகையிலும் கண்ணாடிப் பவர் புதிதாகப் பார்க்க வேண்டும். மனப்பாடம் ஆகாமலிருக்க வலக்கண்ணுக்கு ஓர் அட்டை, இடக்கண்ணுக்கு ஓர் அட்டை, பவர் பார்க்க மூன்றாவது.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அளப்பவரின் குரல் உள்ளே புகுந்துவிடும். மருந்து பெற்றவர் என்று தெரிந்தால் 'இன்னும் ஒரு எழுத்து முயன்று பாருங்கள்' என்று கூடுதலாக ஊக்குவார், மற்றவரிடம் சீக்கிரம் நிறுத்திவிடுவார். அதனால்தான் அளப்பவர் பழைய மதிப்பெண்ணையோ ஓ.சி.டி. படத்தையோ (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் படம்) பார்க்கக் கூடாது என்பது விதி. வீக்கம் வடிந்திருப்பதை ஓ.சி.டி.யில் பார்த்துவிட்டால் ஊசி உண்மையானது என்று ஊகித்துவிடலாம்.

இதில் ஒரு நுட்பம். ஊசி போட்ட மருத்துவருக்கு, மருந்தா இல்லையா என்பது கையில் இருக்கும் சிரிஞ்சிலேயே தெரிந்துவிடும். ஆனால் 0.3-ஆ 0.5-ஆ என்பது தெரியாது. ஆகவே 'இரட்டை' என்ற அடைமொழியே பொய்க்கணக்கு. மருந்து பெறுபவர், ஊசி போடுபவர், மதிப்பிடும் மருத்துவர், பார்வை அளப்பவர், விழித்திரைப் படங்களைத் தரம் பிரிப்பவர் என ஐந்து பேர் இருக்கிறார்கள். மருந்தாய்வு அறிக்கையை எப்படி எழுதுவது என்பதற்கான கன்சார்ட் வழிகாட்டுதலும் யார் யாருக்குத் தெரியாது என்று பிரித்து எழுதத்தான் சொல்கிறது. நம் சொல்லும் ஆளோடு ஒட்டும் சொல்லாக இருக்க வேண்டும்.

----------
மறுமொழி

அப்படியானால் 'அறியா' என்பதிலிருந்து தொடங்கலாம். 'வகையறியா ஆய்வு', 'வகையறியா மதிப்பீட்டாளர்'.

----------
மறுமொழி

'வகை' நீரிழிவில் ஆகாது அம்மா. வகை 1, வகை 2 என்று நோயையே பிரிக்கிறோம். 'வகையறியா நோயாளி' என்றால் எந்த வகைச் சர்க்கரை என்று தெரியாதவர் என்றே படிப்பார்கள். 'சிகிச்சையறியா மருத்துவர்' இன்னும் மோசம்.

'குழுவறியா' என்பதைப் பரிந்துரைக்கிறேன். எல்லா வடிவத்திலும் நிற்கிறதா என்று சோதித்தேன்: குழுவறியா ஆய்வு, குழுவறியா அளவீட்டாளர், குழுவறிந்த மருத்துவர், குழு வெளிப்படுத்தல் (எவர் எந்தக் குழு என்பதைத் திறந்து காட்டுவது), அவசரக் குழு வெளிப்படுத்தல். மேலே சொன்ன ஊசி மருத்துவர் 'குழுவறியா'தவர் அல்லர், 'அளவறியா'தவர். அந்த நுட்பமும் கிடைக்கிறது. 'இரட்டை'யை விட்டுவிட்டு 'பங்கேற்பவரும் அளவீட்டாளரும் குழுவறியா ஆய்வு' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் உண்மை.

----------
மறுமொழி

'குழுவறியா' எனக்குச் சம்மதம். கூடவே மூன்றாவது குழுவுக்குச் செய்யும் செயலுக்கும் பெயர் வேண்டும். 'போலி ஊசி' என்றால் கள்ள மருந்து என்று படும். 'பாவனை ஊசி' சரிவருமா?

----------
மறுமொழி

இலங்கையில் சரிவராது. எங்களுக்குப் 'பாவனை' என்றால் பயன்பாடு, 'பாவனையாளர்' என்றால் பயன்படுத்துபவர். 'பாவனை ஊசி' என்று படிவத்தில் இருந்தால் ஏற்கெனவே ஒருவருக்குப் பாவித்த ஊசி என்று விளங்கி, ஆய்வே வேண்டாமென்று எழுந்து போய்விடுவார்கள்.

நடப்பதை அப்படியே சொல்லலாமே. மரத்துப்போகும் சொட்டு மருந்து, கிருமிநாசினியான 5% போவிடோன் அயோடின், இமை விரிப்பான் எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். பிறகு ஊசிமுனை இல்லாத சிரிஞ்சின் நுனியைக் கண்ணின் வெண்பகுதியில் அழுத்துவார்கள். அது 'குத்தாத ஊசி'.

----------
மறுமொழி

படிவத்துக்குக் 'குத்தாத ஊசி' மிக நன்று. லேசரைப் போலச் செய்வதும் உண்டு என்பதால் பொதுச்சொல்லாக அறிக்கைகளில் 'போலச்செய் சிகிச்சை' என்று வைக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எந்தச் சொல் வைத்தாலும் குழு சில நேரம் தானாக வெளிப்பட்டுவிடும். உண்மை ஊசிக்குப் பிறகு காற்றுக்குமிழியோ சிலிக்கோன் துளியோ கண்முன் மிதக்கும், குத்திய இடத்தில் இரத்தம் படரும். டெக்சாமெத்தசோன் பதியம் (கண்ணுக்குள் வைக்கும் சிறு மருந்துத் துண்டு) கண்ணுக்குள் மிதப்பதை மதிப்பிடும் மருத்துவர் நேரே பார்த்துவிடுவார். லேசர் தழும்புகள் படத்தில் தெரியும் என்பதால் படம் பார்ப்பவரைக் குழுவறியாதவராக வைக்க முடியாது. அத்தகைய ஆய்வில் 'படத் தரமிடுபவர் குழுவறிந்தவர்' என்று நேர்மையாக எழுதிவிட வேண்டும்.

படிவத்துக்கான வாசகம் இது. திருத்துங்கள்:

'உங்கள் கண்ணுக்கு மருந்து ஊசி போடப்படுகிறதா, குத்தாத ஊசி வைக்கப்படுகிறதா என்பது ஆய்வு முடியும்வரை உங்களுக்கும் உங்கள் பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. ஊசி போடும் மருத்துவருக்குத் தெரியும். எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்பதை மருத்துவரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது.'

----------
மறுமொழி

ஒரு திருத்தம். கடைசியில் இதையும் சேருங்கள்: 'ஊசிக்குப் பிறகு கண்ணில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் வந்தால் அடுத்த வருகைக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். தேவைப்பட்டால் நீங்கள் எந்தக் குழு என்பது உடனே பார்க்கப்படும்.' கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்குமோ என்று ஐயம் வந்தால், அந்தக் கண் குத்தப்பட்டதா என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். சிகிச்சையை மட்டும் அதற்காக நிறுத்தி வைக்கக் கூடாது.