டயாலிசிஸ் போற அம்மாவுக்குத் திங்கட்கிழமை மட்டும் படபடப்பு

பாலக்கோட்டான்:
அம்மாவுக்கு 61 வயசு. திங்கள், புதன், வெள்ளி தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போறேன், தடவைக்கு 4 மணி நேரம். திங்கட்கிழமை காலையில மட்டும் "நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிக்குதுடா"ங்குது. ஞாயித்துக்கிழமை தக்காளித் தொக்கும் ரெண்டு துண்டு மல்கோவாவும் சாப்பிட்டுச்சு. அதனாலயா?

ஓசூர் டெக்னீஷியன்:
வெள்ளிக்கப்புறம் ரெண்டு நாள் இடைவெளி இல்லையா, அதுலதான் பொட்டாசியமும் தண்ணியும் உடம்புல சேரும். பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பு தடுமாறும். தக்காளி, மாம்பழம், இளநீர் மூணுலயும் பொட்டாசியம் உண்டு. ஆனா மாம்பழத்து மேலயே பழி போடாதீங்க. மெஷின்ல பொட்டாசியம் சடார்னு இறங்கினாலும் துடிப்பு தடுமாறும். படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்கணும், நின்னப்புறம் எடுத்தா ஒண்ணும் தெரியாமப் போகலாம். மயக்கம், மூச்சுத்திணறல் வந்தா திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே 108.

காவேரிப்பட்டணத்து அக்கா:
தம்பி, உப்பு டப்பாவைப் பாருங்க. பிரஷருக்கு நல்லதுன்னு விக்கிற சோடியம் குறைச்ச உப்புல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். எங்க வீட்டுக்காரருக்கு நானே அதைத்தான் ஆறு மாசம் போட்டிருக்கேன்! காய நறுக்கி, நிறையத் தண்ணில வேகவெச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிடுங்க, காய்ல பொட்டாசியம் குறையும்.

பாலக்கோட்டான்:
அக்கா, எங்க வீட்லயும் அதே உப்புதான். நாளைக்கே டாக்டர்கிட்ட டப்பாவோட போறேன்.