மறுமொழி: முனியாண்டி கோயிலுக்குக் கல் சுவர்

அண்ணன் அக்காமாருக்கு வணக்கம்.

நம் தோட்டத்து முனியாண்டி கோயிலைக் கடலரிப்பிலிருந்து காக்கக் கல் சுவர் கட்ட வசூல் செய்யலாம் என்று இங்கே எழுதியிருந்தீர்கள். வசூல் தொடங்குமுன் ஒரு வார்த்தை. போன மாசம் மலேசியாவின் பேராக் கரையோரம் இருக்கும் நம் ஊர் பாகான் டத்தோவுக்குப் போயிருந்தேன். சுங்கை (ஆறு) கடலில் விழுகிற இடத்துக்கு, கடல் தண்ணி இறங்கியபோது ஒரு தடவை, ஏறியபோது ஒரு தடவை நடந்து பார்த்தேன்.

"கடல் ஊரைத் தின்னுது" என்று எழுதியவர்கள் தெற்குக் கரையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அங்கே வெளிப்பண்டு (கடலோர மண்கரை) அறுந்து கிடக்கிறது, மூணு வரிசைத் தென்னை சேற்றில் மொட்டையாகச் சாய்ந்து நிற்கிறது. வடக்கே போய்ப் பாருங்கள். நாம் கெராங் மட்டி பொறுக்கிய சேறு இப்போது காடு, அத்தனையும் அப்பி-அப்பி என்கிற அலையாத்தி மரம். புதுச் சேற்றில் முதலில் முளைப்பது அதுதான். பாக்காவ் என்கிற இன்னொரு அலையாத்தி பின்னால்தான் வரும். தெற்கே வயசான பாக்காவே வேர் தெரியக் கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு முன்னால் இருந்த காடு எங்கே போச்சு?

சுங்கை வாய் நகர்ந்திருக்கிறது. தண்ணி இறங்கும்போது கொண்டுவருகிற சேற்றை அலை ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. அங்கே திட்டு வளர, ஓட்டம் அதைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரையை அறுக்கிறது. இதில் நம் தோட்டத்துக்கும் பங்குண்டு. பண்டு கட்டித் தண்ணிக் கதவு போட்டபிறகு கடல் தண்ணி சதுப்புக்குள் பரவ வழியில்லை; உள்ளே போகாத தண்ணி வேகமாக வெளியே வந்து வாயைக் கழுவுமா? சேறு வாயிலேயே தங்கிவிடுகிறது. வடிய விட்ட மண்ணும் வருசா வருசம் அமுங்கி, தண்ணி ஏறும் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது.

முனியாண்டி கோபம் என்று எழுதிய மாமாவுக்கு: 1980களில் அரசாங்கம் எடுத்த ஆய்வில், நாட்டின் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் கரையில் 29 சதவீதம் அரிப்பில் இருந்தது. அத்தனை இடத்திலுமா நாம் படையலைத் தவறவிட்டோம்?

கல் சுவர் வேண்டாம் என்பது என் கருத்து. களிமண் சேற்றில் கல் புதையும். சுவரில் மோதித் திரும்பும் அலை அடிச்சேற்றை வாரும், சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு கூடும். அந்த இடம் கம்போங்காரர்கள் (பக்கத்துக் கிராமத்தார்) படகு கட்டுகிற துறை. அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசன இலாகா) ஆட்களே இந்தக் கரையோரம் பல இடங்களில் வெளிப்பண்டைக் கைவிட்டு உள்ளே தள்ளிப் புதுப்பண்டு போட்டிருக்கிறார்கள். முனியாண்டியின் சூலத்தையும் கல்லையும் புதுப்பண்டுக்குப் பின்னால் கொண்டுபோவோம். அதற்கென்றால் என் பங்கு 500 ரிங்கிட் இன்றைக்கே தருகிறேன்.

தீபாவளிக்கு ஊர் போகிறவர்கள் கவனியுங்கள்: அமாவாசைக்கு அடுத்த ஓரிரு நாள் தண்ணி ரொம்ப ஏறும், பண்டு ஓரம் வண்டி நிறுத்தாதீர்கள்.