கீபோர்டில் எட்டு விசை ஒரே நாளில் படுத்துவிட்டது – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

என்னிடம் காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி இருக்கிறது. அதில் ஒரு நாள் திடீரென்று ஏ எழுத்து விழவில்லை. மெதுவாக அழுத்திப் பார்த்தேன், ஓங்கிக் குத்தியும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. 1982-இல் வெளிவந்த மாடல், வயசாகிவிட்டது, உள்ளே தூசு அடைந்திருக்கும், கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டினேன். மற்ற விசைகளைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அவசரத்துக்கு ஒரு முழு சனி ஞாயிறு போயிற்று.

இந்தக் கீபோர்டைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தவம். முதலில் ஷிஃப்டை அழுத்தியபடியே நிறுத்தி வைக்கும் ஷிஃப்ட் லாக் விசைக்குப் போகும் இரண்டு ஒயரையும் சால்டரை உருக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் உள்ள போர்டு கழன்று வராது. அப்புறம் பொடிப்பொடியாக ஏகப்பட்ட ஸ்க்ரூ. உள்ளே விசைக்கு விசை ஒரு கருப்பு ரப்பர் இருக்கும், கரி கலந்தது, மின்சாரம் கடத்தும். அது போர்டில் உள்ள கரித்தடத்தைத் தொட்டால்தான் எழுத்து விழும். பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒன்று விடாமல் துடைத்தேன். பஞ்சு கருப்பாக வர வர மனசுக்கு அப்படி ஒரு திருப்தி. எல்லாவற்றையும் மூடி, லாக் ஒயரைத் திரும்பப் பற்றவைத்து, ஆன் செய்தேன். ஏ விழவில்லை.

அப்போதுதான் புத்தி வந்து, ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விசையாகத் தட்டிக் குறித்தேன். விழாதவை 3, 4, டபிள்யூ, ஈ, ஏ, எஸ், இசட், இடது ஷிஃப்ட். எண்ணினால் எட்டு. கூடவே ஷிஃப்ட் லாக்கும் இல்லை. லாக்கை நான்தான் தப்பாகப் பற்றவைத்துவிட்டேனோ என்று அதை இன்னொரு தடவை பார்த்தேன், அது சரியாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். இதில் விசைகள் எட்டுக்கு எட்டு கட்டமாக அமைந்திருக்கின்றன. குறுக்கே எட்டுத் தடம், நெடுக்கே எட்டுத் தடம், இரண்டும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசை. சிஐஏ 6526 என்ற சிப் வழியாகக் கணினி ஒரு பக்கத் தடங்களின் மின்னழுத்தத்தை ஒவ்வொன்றாகத் தாழ்த்தி, மறுபக்கம் எது தாழ்கிறது என்று பார்க்கும், நொடிக்குச் சுமார் 60 தடவை. என்னிடம் செத்த எட்டும் ஒரே தடத்தில் உட்கார்ந்திருப்பவை. அழுக்கு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் படுக்கும், இப்படிக் கூட்டாகப் படுக்காது. அதைவிடப் பெரிய சாட்சி ஷிஃப்ட் லாக். அது இடது ஷிஃப்டோடு சேர்த்துக் கட்டிய சாதாரண உலோக ஸ்விட்ச், அதில் ரப்பரும் இல்லை கரியும் இல்லை. அதுவும் வேலை செய்யவில்லை என்றால் நான் ரப்பரைத் துடைத்து என்ன பயன்!

சரி, ஒயரா, சிப்பா? பேசிக் மொழியில் பீக் (PEEK) கட்டளை போட்டு, அந்தச் சிப் என்ன படிக்கிறது என்று காட்டும் 56320 என்ற நினைவக முகவரியைப் பார்க்கலாம் என்று போனேன். பீக் அடிக்க ஈ வேண்டும், எண்ணில் 3 வேண்டும், இரண்டும் செத்தவர் பட்டியலில் இருக்கின்றன. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்ல வேளையாக வலது ஷிஃப்ட் உயிரோடு இருந்தது. அதையும் ரன்/ஸ்டாப் விசையையும் சேர்த்து அழுத்தினால் டேப்பில் முதலில் இருப்பது தானாக ஏறிக்கொள்ளும். ஒரு விளையாட்டை ஏற்றினேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக் போர்ட் இந்த எட்டுத் தடங்களில் ஐந்தைத்தான் கடன் வாங்கிக்கொள்கிறது, அதில் 'கீழே' என்பது என்னுடைய செத்த தடம். தள்ளினேன், பொம்மை கீழே போயிற்று. சிப்பின் அந்தக் கால் வருவதைப் படிக்கிறது என்று மட்டும்தான் இதற்கு அர்த்தம், அது வெளியே ஓட்டுகிறதா என்பது வேறு கேள்வி. ஆனாலும் பாதி உயிர் வந்தது.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, 20 கால் கனெக்டரிலிருந்து கீபோர்டு போர்டு வரை ஒயர் ஒயராகத் தொட்டுக்கொண்டே போனேன். ஒன்று மட்டும் கத்தவில்லை. போர்டோடு பற்றவைத்த இடத்தில், உறைக்கு உள்ளேயே அறுந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சில மாதம் முன்பு பெட்டியைத் திறந்தபோது, மேல்மூடியோடு கீபோர்டும் சேர்ந்து வரும் என்பதை மறந்து வெடுக்கென்று தூக்கியிருந்தேன். அன்றிலிருந்து ஒன்றிரண்டு இழையில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கும். பற்றவைக்க ஐந்து நிமிஷம் ஆனது.

* * *

படிக்கப் படிக்க என் கதை மாதிரியே இருக்கிறது. என்னுடையது ரப்பர் விசை வைத்த ஸ்பெக்ட்ரம் என்ற பழைய கணினி, 40 விசை. அதில் கட்டம் எட்டுக்கு ஐந்து. கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெம்பரேன் என்ற தடம் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளிலிருந்து இரண்டு வால் இறங்கிப் போர்டில் செருகியிருக்கும், ஒன்றில் எட்டுத் தடம், மற்றதில் ஐந்து. பக்கத்துப் பக்கத்தில் ஐந்து விசை சேர்ந்து போனால் எட்டுத் தட வாலைப் பாருங்கள். வரிசைக்கு வரிசை சிதறி எட்டு போனால் (1, க்யூ, ஏ, 0, பி, என்டர் என்கிற மாதிரி ஓரத்து விசைகள்) ஐந்து தட வாலைப் பாருங்கள். இது தெரிந்தால் பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

எனக்கு ஒய், யு, ஐ, ஓ, பி ஐந்தும் போயின. பி இல்லையென்றால் சிம்பல் ஷிஃப்ட் போட்டு வரும் மேற்கோள் குறியும் இல்லை, மேற்கோள் குறி இல்லாமல் எல்லோரும் அடிக்கிற லோடு கட்டளையை அடிக்க முடியாது. ஐந்து விசைதானே என்று பார்த்தால் மொத்தக் கணினியும் பொம்மையாகிவிட்டது. வயதானதில் வால் மொரமொரவென்று ஆகி, கனெக்டருக்குள் நுழையும் இடத்திலேயே கீறியிருந்தது. நுனியை மூன்று நான்கு மில்லிமீட்டர் நேராக வெட்டிவிட்டு மறுபடி செருகினேன், வேலை செய்தது. சந்தோஷத்தில் ஆடிவிட்டு மூடியை வைத்தால் வால் எட்டவில்லை, கொஞ்சம் இழுத்தேன், முழுசாகக் கிழிந்தது. இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதால் புது மெம்பரேன் போட்டேன். வெட்டி ஒட்டுகிற வித்தை ஒரு தடவைக்குத்தான் தாங்கும், அதையும் நம்ப வேண்டாம்.

* * *

எனக்கு நேர் எதிர். விசை வேலை செய்யாதது இல்லை, யாருமே தொடாமல் அதுவாக அடித்துக்கொண்டிருந்தது. ஆன் செய்தவுடன் திரை முழுக்க 2 2 2 2 2. இதுவும் காமடோர் 64-தான். கீபோர்டு ஷார்ட் ஆகிவிட்டது என்று கனெக்டரை உருவினேன், அப்போதும் 2 ஓடுகிறது! பேய் பிடித்த மாதிரி இருந்தது. கடைசியில் பார்த்தால் முதல் போர்ட்டில் ஒரு பழைய ஜாய்ஸ்டிக் செருகிக் கிடக்கிறது, அதன் வலப்பக்கத் தகடு விட்டு விட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் போர்ட் கீபோர்டின் இன்னொரு பக்கத் தடங்களில் உட்கார்ந்திருப்பதால் வலம் என்றால் 2, பொத்தான் என்றால் ஸ்பேஸ். அன்றிலிருந்து கீபோர்டு தகராறு என்று யார் சொன்னாலும் முதலில் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கச் சொல்கிறேன்.

* * *

முதலில் எழுதிய நண்பருக்கு ஒயர் அறுந்ததோடு போயிற்று. எனக்குச் சிப்பே போனது, அதுவும் என் கையால். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக் போர்ட்டின் கால்களில் விரல் பட்டது, சுருக்கென்று ஒரு பொறி, அதோடு எட்டு விசை காலி. ஒயரெல்லாம் பீப் அடிக்கிறது, ரப்பரும் சுத்தம். காமடோர் 64-இல் ஒரே மாதிரி இரண்டு 6526 சிப் இருக்கிறது. ஒன்று கீபோர்டுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும், இன்னொன்று டிஸ்க் டிரைவ் போகும் சீரியல் வழி, யூசர் போர்ட் இதற்கெல்லாம். என்னுடையதில் இரண்டும் சாக்கெட்டில் இருந்தன, பல போர்டுகளில் நேராகப் பற்றவைத்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். கீபோர்டு மொத்தமும் உயிர் பெற்றது, டிரைவ் ஊமையாகிவிட்டது. நோய் சிப்போடு சேர்ந்தே இடம் மாறிவிட்டது, இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? கையில் எந்தக் கருவியும் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

* * *

ஒரே ஒரு விசை மட்டும் மக்கர் செய்தால் இதே வித்தையைச் சின்ன அளவில் செய்யலாம். அந்த ரப்பர் முனையை அதிகம் தொடாத ஒரு விசையோடு, உதாரணமாக பவுண்டு குறியோடு, மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே போனால் ரப்பர், அங்கேயே நின்றால் போர்டு. நான் இதைச் செய்யாமல், கரித்தடம் மங்கலாக இருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. கரியும் போனது. இன்றைக்கு வரை அந்த இடத்தில் கடத்தும் பூச்சு வாங்கித் தடவிக்கொண்டிருக்கிறேன்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. உப்புத்தாள் அண்ணா, நானும் எடுத்து வைத்திருந்தேன், ஏதோ புண்ணியம் தப்பித்தேன்.

ஒரு பின்குறிப்பு. ஒயர் சரியான பிறகு ரன்/ஸ்டாப், ரெஸ்டோர் இரண்டு விசையையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன், திரை துடைந்து 'ரெடி' என்று வர வேண்டும், ஒன்றும் ஆகவில்லை. ஐயோ இன்னொன்றா என்று திரும்பவும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். ரெஸ்டோர் இந்த எட்டுக்கு எட்டு கட்டத்திலேயே கிடையாது, அதற்குத் தனி வழி. பழைய போர்டுகளில் மெதுவாக அழுத்தினால் அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ரன்/ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டு ரெஸ்டோரைப் பட்டென்று ஒரு தட்டு தட்டினேன், திரை சுத்தமாகி 'ரெடி' வந்து நின்றது. ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.