பென்சிலில் கண் மட்டும் பொம்மைக் கண் மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
பாட்டியின் பழைய ஸ்டூடியோ போட்டோவைப் பார்த்து வரைகிறேன். மூக்கு, வாய் எல்லாம் ஓரளவு வந்துவிட்டது, கண்தான் முறைத்துப் பார்க்கிறது. என்னிடம் 2பி, 6பி பென்சில்கள் இருக்கின்றன.

பதில் 1:
வெண்விழியை வெறும் வெள்ளையாக விட்டிருப்பீர்கள். அது உருண்டை, அதனால் இரண்டு ஓரத்திலும் லேசான சாம்பல் நிழல் வேண்டும், மேல் இமைக்குக் கீழே இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. கருவிழியின் மேல்பகுதியை இமை மறைக்கட்டும். முழு வட்டமும் தெரிந்தால் பயந்துபோன முகமாகிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அப்புறம் ஒளிப்புள்ளி, அதாவது கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னும் சின்ன வெள்ளைப் புள்ளி. அந்த இடத்தை ஆரம்பத்திலேயே பென்சில் படாமல் விடுங்கள், அதிகக் கறுப்பாக விழும் 6பி போட்ட பிறகு ரப்பரால் அழித்தால் பளிச்சென்று வராது. அடர்பழுப்புக் கண்ணில் பாவையும் (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) அதைச் சுற்றியுள்ள கருவிழியும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பாகத் தெரியும், ஒளிப்புள்ளிக்கு எதிரே கீழ்ப்பக்கத்தைச் சற்று வெளிச்சமாக்கினால் ஆழம் வரும்.

பதில் 3:
கீழ் இமைக்குத் தடிமன் உண்டு, அந்த ஈர விளிம்பை மறக்காதீர்கள். இமைமுடி அதன் வெளி ஓரத்திலிருந்துதான் கிளம்பும்.

கேட்டவர்:
விளிம்பே போடவில்லை! இன்று இரவே திருத்துகிறேன், மிக்க நன்றி.