கோ மொழி: 5 விநாடி கொடுத்தால் டைம்அவுட் ஆவதே இல்லை, 10 கொடுத்தால் உடனே ஆகிவிடுகிறது

கேள்வி:
வணக்கம். வெளி ஏபிஐ ஒன்றை அழைக்கும் சர்வீஸ் எழுதியிருக்கிறேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது (டைம்அவுட்) கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. அங்கே 5 விநாடி போட்டால், எதிர்முனை பதிலே தராவிட்டாலும் அழைப்பு அப்படியே தொங்கி நிற்கிறது. 10 என்று மாற்றினால் அழைத்தவுடனேயே டெட்லைன் முடிந்துவிட்டதாக எரர். போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது. நிரலைச் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருக்கிறேன், உதவுங்கள்.

பதில்:
நெட்வொர்க்கை விடுங்கள். அந்த டைம்அவுட் மதிப்பைப் பிரிண்ட் செய்து, வருவதை இங்கே போடுங்கள். போன வாரம் கான்ஃபிக்கில் கை வைத்தீர்களா?

கேட்டவர்:
5க்கு 1388888 மணி 53 நிமிடம் 20 விநாடி. 10க்கு மைனஸ் 2346317 மணி 47 நிமிடம் சொச்சம்! ஆமாம், முன்பு அது வெறும் இன்ட் (முழு எண்). ரிவ்யூவில் அலகு தெரியவில்லை என்றார்கள். அதனால் கால அளவுக்கென்றே உள்ள டைம்.டியூரேஷன் வகை ஆக்கி, எழுத்தில் உள்ள நேரத்தை அந்த வகையாக மாற்றும் பார்ஸ்டியூரேஷன் வழியாகப் படிக்கிறேன்.

பதில்:
அங்கேதான் சிக்கல். கீழே டைம்.செகண்டால் (ஒரு விநாடியைக் குறிக்கும் டியூரேஷன்) பெருக்கும் பழைய வரி அப்படியே இருக்கும், பாருங்கள். டியூரேஷன் என்பது உள்ளே நானோவிநாடிகளை எண்ணும் 64 பிட் முழு எண்தான். 5 விநாடி என்றால் 500 கோடி, செகண்ட் என்றால் 100 கோடி. இரண்டையும் பெருக்கினால் 158 வருடத்துக்கு மேல் வருகிறது. 10க்கு சுமார் 317 வருடம். அந்த எண்ணில் 292 வருடம்தான் அடங்கும், மிச்சம் சுற்றிக்கொண்டு மைனஸில் விழுகிறது.

விநாடியை விநாடியால் பெருக்கினால் விநாடியின் வர்க்கம் வர வேண்டும். கோ அதைப் பார்ப்பதில்லை. டியூரேஷன் இரண்டைப் பெருக்கினால் டியூரேஷன்தான் தரும். இன்ட்டை டியூரேஷனாக மாற்றிப் பெருக்கியது அன்றைக்குச் சரி, அது வெறும் எண்ணிக்கை. இப்போது மதிப்பே டியூரேஷன் என்பதால் அப்படி டியூரேஷனாக மாற்றுவது ஒன்றுமே செய்வதில்லை, ஆனால் கம்பைல் ஆகிறது.

இன்னொரு பதில்:
ரஸ்ட் மொழியில் இது கம்பைலே ஆகாது, டியூரேஷனை வெறும் எண்ணால் மட்டும்தான் பெருக்க விடுவார்கள். சி++ மொழியின் நேர நூலகமான கிரோனோவிலும் அப்படித்தான். எஃப் ஷார்ப் மொழி அலகையே வர்க்கமாக்கிக் காட்டும். கோவில் கம்பைலரை நம்ப முடியாது தம்பி, டியூரேஷன்செக் என்ற லிண்டரை (கோடில் தவறு தேடும் கருவி) ஆன் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
பெருக்கலை எடுத்தேன், 5 விநாடி என்றே பிரிண்ட் ஆகிறது. லிண்டர் ரீட்ரை (மறுமுயற்சி) இடைவெளியிலும் இதே தவற்றைப் பிடித்தது. அங்கே 2 விநாடிதான் கொடுத்திருந்தேன், 63 வருடம் காத்திருந்திருக்கும்! மிக்க நன்றி அண்ணா.