மறு: இம்ப்ரஷனிசம் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவிய இயக்கமான இம்ப்ரஷனிசத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்வி இது:

> 'உணர்வுப்பதிவியம்' ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்கும் சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் உணர்வு என்றதும் நமக்கு அன்பு, துயரம், ஏக்கம்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றை, மன உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் எக்ஸ்பிரஷனிச ஓவியத்துக்கு விட்டுவிடுவோம். இம்ப்ரஷனிச ஓவியர் மோனேயின் கேள்வி வேறு: இந்த வெளிச்சத்தில், இப்போது, கண்ணுக்கு என்ன தெரிகிறது?

இயக்கத்தின் பெயருக்குக் காரணமான அவரது 'இம்ப்ரஷன்: சூரிய உதயம்' ஓவியத்தையே பாருங்கள். லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியல். 1872 என்று தேதியிட்டிருக்கிறார். சாம்பல்நீல மூட்டத்துக்குள் ஆரஞ்சு வட்டமாகச் சூரியன், கீழே தண்ணீரில் அதே ஆரஞ்சில் சில தீற்றல்கள். இதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கும் பக்கத்து வானத்துக்கும் ஒளியளவில் வித்தியாசம் மிகக் குறைவு. நிறம்தான் பிரித்துக் காட்டுகிறது. கண் பார்க்கும் விதத்தை இவ்வளவு கூர்ந்து கவனித்தவரின் வேலை இது.

காட்சியை அல்ல, அது எழுப்பும் உணர்வையே இவர்கள் தீட்டுகிறார்கள் என்று விமர்சகர் காஸ்தன்யாரி 1874-இலேயே எழுதினார், உண்மை. ஆனால் அவர் சொன்னது புலனுணர்வை. வெறும் 'உணர்வு' என்றால் அந்தப் 'புலன்' விழுந்துவிடுகிறது.

'மனப்பதிவு' காதுக்கு இதமாக இருக்கிறது. இருந்தாலும், பார்த்து முடித்துப் பிறகு நினைவிலிருந்து வரைந்தது போன்ற பொருள் வருகிறது. இவர்களில் பலர் ஆற்றங்கரையிலும் வயலிலும் ஓவியச் சட்டத்தை நிறுத்தி, எதிரே பார்த்தபடி வரைந்தவர்கள்.

என் பரிந்துரை: கணப்பதிவு. ஓவியத் தலைப்பு 'கணப்பதிவு: சூரிய உதயம்'. இயக்கம் கணப்பதிவியம். விமர்சகர் லூயி லெரோயின் ஏளனத்துக்கும் இது பொருந்துகிறது. 'லெ ஷாரிவாரி' இதழில் அவர் இவர்களைக் கிண்டலடித்தது, முடிக்காத ஓவியத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள் என்ற தொனியில்தான். "இது வெறும் கணப்பதிவு" என்றால் அந்தக் குத்தல் தமிழிலும் வருகிறது. பின்னால் 1877-இல் இவர்களே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டதும் புரியும்.

இவர்களில் ஒருவரான தெகா ஓவியக்கூடத்தில் நிதானமாக வேலை செய்தவர், அவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தாதுதான். மூலப்பெயரையே அவர் விரும்பவில்லை.

அப்புறம், இவர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சிகளுக்குக் 'குழுக் கண்காட்சி' வேண்டாம். 'கூட்டுக் கண்காட்சி' என்போம். சலோன் என்ற அரசுக் கலைக் கண்காட்சியின் தேர்வுக்குழுவைத் தவிர்க்கவே மோனே, ரெனுவார், பிசாரோ, பெர்த் மொரிசோ உள்ளிட்டோர் பணம் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். நாடார் (Nadar) என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரரின் பழைய புகைப்பட நிலையத்தில் 1874 ஏப்ரல் 15 அன்று கண்காட்சியைத் திறந்தார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அழைத்த காட்சி அல்ல அது. 1886 வரை எட்டு முறை நடந்தது. எட்டிலும் படம் வைத்தவர் பிசாரோ மட்டுமே.

ஓவியர்களை என்னவென்று அழைப்பது என்பதில்தான் இன்னும் சிக்கல். 'கணப்பதிவர்' என்றால் வலைப்பதிவர் நினைவு வருகிறது, 'கணப்பதிவாளர்' என்றால் பத்திரப்பதிவு அலுவலகம். இப்போதைக்குக் 'கணப்பதிவிய ஓவியர்' என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.