ஞாயிறு மாமல்லபுரம்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

அண்ணன்: ஞாயிறு உறுதிதானே? காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து வண்டி எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம்.

சித்தி: காலையில் வேண்டாம்பா. வெள்ளிக்கிழமை பௌர்ணமி. நம் கரையில் பௌர்ணமியை ஒட்டிக் காலை எட்டு, ஒன்பது மணிக்குத்தான் கடல் ஏறி நிற்கும். பாறைக் குட்டைகள் எல்லாம் மூழ்கிக் கிடக்கும். பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

அண்ணி: பிறகு எப்போது சித்தி?

சித்தி: கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை பார்த்தேன். ஞாயிறு பிற்பகல் 3.45 வாக்கில் நன்றாக வற்றுகிறது. பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில்தான் கடல் அதிகம் உள்வாங்கும். 2.45க்கே கரையில் இருப்போம். தண்ணீர் இறங்கும்போது பார்க்க வேண்டும், ஏறத் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும்.

பெரியப்பா: அந்த வெயிலில் பாறையிலா? என் முழங்காலுக்கு ஆகாது.

சித்தி: நீங்கள் கடற்கரைக் கோயில் பக்கம் நிழலில் இருங்கள் அத்தான். கோயிலுக்கு வடக்கே உள்ள பாறைகளுக்கு நாங்கள் போய் வருகிறோம்.

பெரியப்பா: சரி. ஆனால் குன்றை விட்டுவிடாதீர்கள், அதற்கு மெதுவாகவேனும் ஏறிவிடுவேன். மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்கு மேலே ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் இருக்கிறதே, பல்லவர் கட்டிய அந்தக் கோயிலின் மேல்தளத்தில்தான் முன்பு கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. அதன் பிறகுதான் பக்கத்திலுள்ள கலங்கரை விளக்கம். பிள்ளைகளை அங்கே நிறுத்திக் கடலைக் காட்ட வேண்டும்.

அண்ணன்: 6 மணிக்கு மூடிவிடுவார்கள் அப்பா. 5 மணிக்கு ஏறினால் சரியாக இருக்கும்.

நான்: சித்தி, பாட்டிலில் மீன் பிடித்து வரலாமா என்று சின்னவள் கேட்கிறாள்.

சித்தி: கூடவே கூடாது கண்ணு. வீட்டுக்கு வருவதற்குள் பாட்டில் தண்ணீர் சூடேறி அது செத்துவிடும். குட்டை ஓரத்தில் நிழல் விழாமல் உட்காரச் சொல். கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. பிறகு சங்கு ஒன்று நடக்கும், உள்ளே நண்டு. பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்தி என்ற உயிர் தண்ணீருக்குள் விரல்களை விரித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றிய இடத்தில் இருப்பது சுருண்டு வெறும் சதைக் குமிழ் போல ஒட்டிக் கிடக்கும். கல்லைப் புரட்டினால் அப்படியே திருப்பி வைக்க வேண்டும், அடியில் இருப்பவை வெயிலில் காய்ந்துவிடும். வெற்றுச் சங்கையும் எடுக்க வேண்டாம். அந்த நண்டு வளரும்போது அடுத்த வீடு அதுதான்.

அண்ணி: அழகாகச் சொன்னீர்கள். செருப்பு?

சித்தி: பின்பட்டை உள்ளது. பாசியில் வழுக்கும், பாறையில் ஒட்டியிருக்கும் கூரான கொட்டலசு ஓடு காலைக் கிழித்துவிடும். அலைக்கு முதுகு காட்டி யாரும் நிற்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணன்: அது என் பொறுப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டு 1 மணிக்கு வண்டி கிளம்பும்.

பெரியப்பா: 12.30க்கே எடு. ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை சும்மா இருக்காது.

அண்ணி: மாலைக்குப் புளியோதரை கட்டிக்கொள்கிறேன். தண்ணீர்க் குடம் யார் எடுக்கிறீர்கள்?

நான்: நான்.